பச்சை நூல் கட்டிய பிறஸ்

மயில்வாகனத்துக்குப் பன்றி மயிரில் ஒரு வெறுப்பும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்காலத்தில் அவரைப் பற்றிக் கதைத்தவர்கள், அவர் சீமைச் சாமானைத் தலையில் தூக்கி வைப்பவர், மற்றதையெல்லாம் இளக்காரமாகப் பார்ப்பவர் என்றார்கள். அது பொய். பரந்தன் சந்தியில் அவரும் மைத்துனர் தவராசாவும் நடத்திய கடையில் சவரத்துக்குச் சோப் நுரை பூசும், பன்றி மயிரில் செய்த சேவ் பிறஸ்கள் எப்போதும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் தினமும் சேவ் எடுத்ததும் அப்படி ஒன்றால்தான்.

"பன்றியைப் பன்றியெண்டு சொல்லித்தான் தாறன். அதிலை என்ன வெக்கம்?" என்பார்.

விலைகூடிய பிறஸ்களுக்கு மயிர் தரும் பட்ஜர் என்ற மிருகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. குளிர் தேசங்களில் வளை தோண்டி வாழ்வது, கீரியை விடப் பெரியது, முகத்தில் வெள்ளைக் கோடு போட்டது என்று கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அதன் மயிரை அவர் அறிந்த அளவுக்கு அந்த மிருகமே அறிந்திருக்காது. கொழும்பு புறக்கோட்டையில், சீமையிலிருந்து சோப், பிளேட், சீப்பு, பிறஸ் இறக்கும் ஒரு பெரிய கடையில் இளந்தாரியாகச் சேர்ந்தவர். வந்த பெட்டிகளை உடைத்துப் பிறஸ்களைத் தரம் பிரிப்பதுதான் வேலை. நிறத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துக்கொண்டார். வயிற்றுப் பக்கத்து முரட்டு மயிர் 'கறுவல்'. அதைவிட மெதுவானது 'நரையன்'. நுனி நீளமாக வெளுத்து, தொட்டால் தொட்டதே தெரியாமல் இருப்பது 'வெள்ளைத்தலை'. வெள்ளைத்தலைதான் உச்சம். பெரிய துரைமாருக்கும் கல்யாண மாப்பிள்ளைகளுக்கும் அதுதான் போகும்.

பரந்தனில் கடை போட்ட பிறகு, ஒரு பிறஸை அவர் பார்க்கும் விதத்தைப் பார்க்கவே சிலர் நின்றார்கள். முதலில் வெயிலில் பிடித்து மயிரை விரித்துப் பார்ப்பார். பட்ஜர் மயிர் அடியில் வெளுத்து, நடுவில் கறுத்து, நுனியில் மறுபடி வெளுத்திருக்கும். அந்தக் கறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சாயம் போட்ட பன்றி மயிரில் அது கோடு கீறினதுபோல் நிற்கும். பிறகு பிறஸை நிமிர்த்தி உள்ளங்கையில் அழுத்துவார். நுனியைக் கத்தரித்துச் சமப்படுத்தியிருந்தால் குத்தும். கத்தரிக்காமல், ஒவ்வொரு மயிரும் தன் நுனியோடு நிற்கும்படி கட்டியிருந்தால் பஞ்சுபோல் படியும். வளைத்து விடுவார். நல்ல மயிர் தானாக எழுந்து நிற்கும். சுடுதண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் பிழிவார். சாயம் இருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும். கடைசியில் மணந்து பார்ப்பார். நனைந்த பட்ஜருக்கு ஒரு மிருக வாடை உண்டு, சில நாள் பாவிக்கப் போய்விடும். "வாசம் வந்தால் பயப்படுங்கோ. நாறினால் வாங்குங்கோ" என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

தேறிய பிறஸின் கழுத்தில், மயிரும் பிடியும் சேரும் இடத்தில், ஒரு பச்சை நூல் கட்டுவார். கிளிநொச்சி முதல் ஓமந்தை வரை சலூன் வைத்திருந்தவர்களும், இரணைமடுக் குளத்து நீர்ப்பாசனக் கந்தோர் உத்தியோகத்தரும், இரசாயனத் தொழிற்சாலை அலுவலர்களும் அந்த நூலைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். மயிலர் என்றுதான் அவரைக் கூப்பிட்டார்கள். "மயிலற்றை நூல் கிடக்கோ?" என்பதுதான் கேள்வி. நூல் கிடந்தால் வேறொன்றும் கேட்கமாட்டார்கள்.

தவராசா வேறு மாதிரி ஆள். உயரம், சிரித்த முகம், சிங்களம் தண்ணீர்போல வரும். புறக்கோட்டையில் மயில்வாகனம் வேலை செய்த கடைக்கு அடுத்த சாப்பாட்டுக் கடையில் காசாளராக இருந்தவர். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்தில் தெருவில் தமிழரை இழுத்து வைத்து அடித்த அன்று, மயில்வாகனம் சரக்கறையில் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். முதலாளி முன்கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தவராசா அப்போது பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவர். ஆனாலும் திரும்பி வந்தார். பின்பக்கக் கூரையால் இறங்கி, மயில்வாகனத்துக்குச் சிங்களவர்போல ஒரு சாரத்தை உடுத்தி, "வாயைத் திறக்காதையும். ஊமையெண்டு சொல்லுவன்" என்று சொல்லித் தெருவால் நடத்திக்கொண்டு போனார். வழியில் மறித்தவர்களிடம் சிங்களத்தில் பகிடி விட்டுக் கடந்தார். அகதிகளை ஏற்றிய கப்பலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு தவராசா தன் தங்கை விமலேஸ்வரியை அவருக்குக் கட்டிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து சனம் வன்னிக்குக் காணி எடுத்து வந்துகொண்டிருந்த காலம் அது. குடியேறும் சனத்துக்கும் கந்தோர்க்காரருக்கும் நடுவில் கடை போட்டால் பிழைக்கலாம் என்று பரந்தனைத் தெரிந்தெடுத்ததும் தவராசாதான். கொழும்புக்குப் போய்ச் சாமான் கொண்டுவருவது அவர் வேலை. தரம் பார்ப்பதும் விற்பதும் மயில்வாகனத்தின் வேலை. கடைக்குப் பின்னால் மயில்வாகனத்தின் வீடு. தவராசாவின் குடும்பம் தெருவுக்கு அந்தப் பக்கம்.

அறுபதுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் இறக்குமதித் தடை போட்டது. பட்ஜர் பிறஸ் வருவது குறைந்து குறைந்து, பிறகு நின்றேவிட்டது. இருந்தவற்றை மயில்வாகனம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். அலுமாரியில் கடைசியாகச் சில நரையன்கள் கிடந்தன. வெள்ளைத்தலை ஒன்றுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் தவராசா கொழும்பிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், தடைக்கு முந்தி வந்த சரக்கு. மூடின கடை ஒண்டிலை கிடந்தது. எல்லாம் வெள்ளைத்தலை. பாரும்."

மயில்வாகனம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கையில் அழுத்தினார். பிறகு இன்னொன்றை எடுத்தார். சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"இது பன்றி. நடுவிலை மெதுவாய்க் கிடக்கிறது ஆட்டு மயிர். சாயம் போட்டிருக்கினம். ஆரோ இந்த நாட்டிலையே கட்டினது."

"எல்லாமோ?"

"எல்லாந்தான். பிழியவே தேவையில்லை. மணந்து பாரும், வாசனைத் தண்ணி விசிறியிருக்கினம். பன்றியெண்டு சொல்லி விப்பமெண்டாலும் அந்த ஆட்டு மயிரை நான் நம்பமாட்டன். ஒழுங்காய் அவிச்சுக் கழுவின மயிர் இப்பிடி ஒட்டாது. திருப்பிக் குடுத்திடும் மச்சான்."

பின்னறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த விமலேஸ்வரிக்கு இந்தக் கதை முழுவதும் கேட்டது. தவராசா பெட்டியை மூடி, "சரி, அடுத்த முறை போகேக்கை கொண்டுபோறன்" என்று அதைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார்.

அந்தக் கிழமையே யாழ்ப்பாணத்து அராலியில் மயில்வாகனத்தின் தாயார் இறந்துபோனார். தந்தி வந்ததும் கணவனும் மனைவியும் பஸ் ஏறினார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிய, வீட்டு ஆடுகளைப் பார்க்க வேண்டுமென்று விமலேஸ்வரி பரந்தனுக்குத் திரும்பினாள். மூத்த மகன் என்பதால் மயில்வாகனம் முப்பத்தோராம் நாள் கிரியை வரைக்கும் அங்கேயே நின்றார்.

அவர் இல்லாத நாட்களில் கடைக்கு வந்தவர்களில் ஒருவர் கதிர்காமநாதன். இரணைமடுக் கந்தோரில் கிளாக்கர், உருத்திரபுரத்தில் மாமன் வீரகத்தியின் வீட்டில் வளர்ந்தவர். வட்டக்கச்சியில் சிவனேஸ்வரி என்ற பெண்ணைப் பேசி முற்றாக்கி, நாளும் வைத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு நல்ல பிறஸ் ஒன்று வேண்டும் என்று கேட்டார். தவராசா அலுமாரிக்குள் கை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கழுத்தில் பச்சை நூல் கிடந்தது. கதிர்காமநாதன் அதைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார்.

மயில்வாகனம் திரும்பி வந்து சில நாட்களாகியிருக்கும். வெயில் ஏறிய நேரம். வீரகத்தி கடை வாசலில் சைக்கிளைச் சாத்தினார். பெரிய வெள்ளாமைக்காரர், சத்தமாகக் கதைக்கிற மனிதர். அன்று அவர் சத்தமே போடவில்லை. பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பிறஸ்.

மயில்வாகனம் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்.

"தொடாதையும்! டொக்டர் ஒருத்தரையும் தொட வேண்டாம் எண்டு சொன்னவர்."

"என்ன நடந்தது?"

"தம்பி ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான். தாடையிலை ஒரு பரு வந்தது. சேவ் எடுக்கேக்கை வெட்டினதாக்குமெண்டு விட்டிட்டம். பேந்து அது கறுத்து, குழி விழுந்து, கழுத்தெல்லாம் வீங்கி... காய்ச்சல். டொக்டர் கேட்டார், ஆட்டுத் தோல் மாட்டுத் தோல் ஏதும் தொட்டனீரோ எண்டு. அவன் கந்தோரிலை பேப்பர் எழுதிறவன், எங்கை தொடுறது? பேந்துதான் கேட்டார், என்னத்தாலை சேவ் எடுக்கிறனீர் எண்டு. மாடுகளுக்கு வாற அடைப்பான் கிருமியாம். அந்த நோய் வருத்தம் வந்து செத்த ஆட்டின்ரை மயிராம். ஊசி போட்டுக் கொண்டிருக்கினம்."

அவர் போத்தலைத் திருப்பிக் காட்டினார்.

"இது உம்மடை நூல்தானே?"

கண்ணாடிக்கு வெளியில் நின்றே மயில்வாகனத்துக்குத் தெரிந்தது. கறுப்பு, கோடு கீறினதுபோல் நின்றது. தான் வேண்டாம் என்று சொன்ன பெட்டி. நூல், தன் வீட்டு நூல்தான். முடிச்சும் தன் முடிச்சு மாதிரியே இருந்தது.

"என்ரை நூல்தான்" என்றார். தலையைத் திருப்பித் தவராசாவைப் பார்த்தார். 'சொல்லும் மச்சான், என்ன நடந்ததென்று சொல்லும்' என்ற பார்வை. கூரையால் இறங்கி வந்தவன் இப்போதும் இறங்கி வருவான் என்று அவர் நினைத்தார். ஒரு பிழை நடந்துபோயிருக்கும், அதை இரண்டு பேருமாகச் சேர்ந்து தாங்கலாம் என்றும் நினைத்தார்.

தவராசா சோப் அடுக்குவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். வீரகத்தியின் தோளில் கை வைத்தார்.

"அண்ணை, உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. மச்சானுக்குக் கொஞ்சக் காலமாய் விரல் மரத்துப் போச்சு. முந்தின மாதிரித் தெரியிறேல்லை. வெளியிலை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு இருக்கிறார். நான் கொண்டுவந்த பெட்டியை அவர்தான் பாத்து நூல் கட்டினவர். நான் என்னத்தைக் கண்டன்? அவர் நல்லதெண்டால் எனக்கு நல்லது."

வீரகத்திக்கு முன்னால் மைத்துனரைப் பொய்யனாக்க மயில்வாகனத்துக்கு மனம் வரவில்லை. வீரகத்தி அவருடைய கைகளைப் பார்த்தார். பிறகு போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"பின்னை என்ன சொல்லுறது? கள்ளச் சரக்கு வித்தனாங்கள் எண்டோ? விரல் மரத்துப் போறது குற்றமில்லை. ரெண்டு நாளையிலை சனம் மறந்திடும்."

சனம் மறக்கவில்லை. பெண் வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். கறுத்த புண் என்றதும் குட்டநோயாக இருக்குமோ என்று வட்டக்கச்சியில் கதை பரவியது. கதிர்காமநாதனுக்கு ஊசி வேலை செய்து காய்ச்சல் இறங்கினாலும், வீரகத்திக்குக் கோபம் இறங்கவில்லை. ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் கனகலிங்கத்திடம் போனார். விதானையார் நிதானமான ஆள். பொலிசுக்குப் போகமுன்னம் தான் ஒருக்கால் விசாரிப்பதாகச் சொல்லி, ஒரு பின்னேரம் இரு பகுதியையும் கடை வாசலுக்குக் கூப்பிட்டார். கூப்பிடாத சனமும் வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடப் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள்.

"மயிலர், உம்மடை விரல் மரத்துப் போச்செண்டு உம்மடை மச்சான் சொல்லுறார். மெய்யோ?"

"பொய் ஐயா."

"அப்ப காட்டும் பாப்பம்."

விதானையார் சலூன்களிலிருந்தும் ஆட்களின் வீடுகளிலிருந்தும் வாங்கி வந்த பிறஸ்களை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஆசுப்பத்திரியில் கொடுத்து மருந்துத் தண்ணீரில் அவித்து வாங்கியிருந்தார். யாரோ ஒரு சால்வையால் மயில்வாகனத்தின் கண்ணைக் கட்டினார்கள். அவர் கதிரையில் இருந்து கையை நீட்டினார். முதலாவதை உள்ளங்கையில் அழுத்தினார்.

"பன்றி. நல்ல பன்றி. கனகாலம் பாவிச்சது."

அடுத்தது. "கறுவல்." அடுத்தது. "நரையன். இது புறக்கோட்டையிலை இருந்தே நான் பாத்ததாயிருக்க வேணும்." சனம் முணுமுணுத்தது. ஒருவர் கைகூடத் தட்டினார். இன்னொன்றைத் தொட்டதும் அவர் விரல்கள் நின்றன. "இது அந்தப் பெட்டி. பன்றியும் ஆடும்." கையை உடனே உதறினார்.

விதானையார் ஒவ்வொன்றையும் கொடுத்தவர்கள் சொன்னதோடு சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கண் கட்டை அவிழ்த்தபோது மயில்வாகனத்தின் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு நேராக மூச்சு விட்டார். தன் கை தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று அந்தக் கொஞ்ச நேரம் நம்பினார்.

வீரகத்தி கூட்டத்தை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"விரலுக்கு ஒண்டுமில்லை. எல்லாரும் பாத்தியள்தானே? அப்பிடியெண்டால் தெரிஞ்சுதானே கட்டினனீர்? பொய்ச் சரக்கெண்டு தெரிஞ்சு கொண்டுதானே என்ரை பிள்ளைக்கு வித்தனீர்?"

மயில்வாகனத்துக்கு அப்போதுதான் தான் நின்ற இடம் விளங்கியது. கை மரத்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள். மரக்கவில்லை என்று அவரே நிரூபித்துவிட்டார்.

"நான் பாத்தனான். பாத்து வேண்டாமெண்டு சொன்னனான். திருப்பிக் குடுக்கச் சொன்னனான். பேந்து செத்த வீட்டுக்குப் போட்டன். நான் நூல் கட்டேல்லை. மச்சானுக்குத் தெரியும்." அவர் தவராசாவின் பக்கம் திரும்பினார். "மச்சான், சொல்லும். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லும். நான் என்ன சொன்னனான்?"

தவராசா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு லொறி போனது. அது போய் மறையும் வரை பார்த்தார்.

"எனக்கு அப்பிடியொண்டும் ஞாபகமில்லை" என்றார்.

கதவுக்குப் பின்னால் விமலேஸ்வரி நின்றாள். அவள் சேலைத் தலைப்பு வெளியில் தெரிந்தது. மயில்வாகனம் அந்தப் பக்கம் பார்த்தார். அன்று பின்னறையில் அவள் இருந்தது அவருக்கு நினைவிருந்தது. கூப்பிட வேண்டியதில்லை, தானாக வருவாள் என்று நினைத்தார். சேலைத் தலைப்பு உள்ளே இழுபட்டுப் போனது.

விதானையார் எழுந்து, பொலிசுக்குப் போவதும் விடுவதும் வீரகத்தியின் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். சனம் கலைந்தது. கைதட்டியவர் மயில்வாகனத்தைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறினார்.

வீட்டுக்குள் அவர் போனபோது விமலேஸ்வரி குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். அடுப்பு எரியவில்லை.

"நூல் ஆர் கட்டினது?"

அவள் திரும்பவில்லை. "நான்தான்."

"உம்மை ஆர் கட்டச் சொன்னது?"

"அண்ணை. நீங்கள் அராலிக்குப் போகமுன்னம் திரும்பப் பாத்து, கொஞ்சத்தைப் பொறுக்கி வைச்சியளாம். கட்ட நேரமில்லாமல் போட்டுதாம். உங்களைப்போலை முடிச்சுப் போடத் தெரிஞ்சது எனக்குத்தானே."

"நான் வேண்டாமெண்டு சொன்னது உமக்குக் கேட்டது."

"கேட்டது."

"அண்ணை சொன்னதை நம்பினனீரோ?"

அவள் ஒரு விறகை எடுத்து அடுப்பின் ஓரத்தில் வைத்தாள். வெளியில் ஆடு கத்தியது.

"முதல் ஒண்டைக் கட்டேக்கை நம்பினனான்" என்றாள். "பேந்து ரெண்டாவதைக் கட்டேக்கை உள்ளங்கையிலை குத்திச்சுது. உங்களோடை இவ்வளவு காலம் இருந்திட்டு எனக்குத் தெரியாதே? தெரிஞ்சது. கூடப்பிறந்ததல்லோ, வாய் வரேல்லை. இண்டைக்கும் வரேல்லை."

மயில்வாகனம் நிலத்தில் இருந்துவிட்டார். தவராசா செய்ததை விட இது அவரை வேறு இடத்தில் அடித்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவளும் சமைக்கவில்லை.

விடிந்ததும் விமலேஸ்வரி யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள். உருத்திரபுரத்துக்கு வாய்க்கால் வரம்பால் நடந்து வீரகத்தியின் வீட்டு வளவுக்குப் போனாள். நெல்லுக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் நின்று, நூலைக் கட்டியது தான் என்றும், கட்டச் சொன்னது தன் தமையன் என்றும், தன் கணவர் அந்தப் பெட்டியைத் திருப்பச் சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் சொன்னாள். வீரகத்தி கேட்டுக்கொண்டு நின்றார்.

"நேற்று எங்கை போனனீர் பிள்ளை?"

"கதவுக்குப் பின்னாலை நிண்டனான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பொலிசுக்குப் போகவுமில்லை. ஆனால் அந்த வளவில் நின்ற பெண்களில் பாதிப் பேர், புருஷனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள் என்றுதான் சொன்னார்கள். ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

அவள் போய்ச் சொன்ன கதை மத்தியானத்துக்குள் சந்திக்கு வந்துவிட்டது. தவராசா கடையில் தன் பங்குச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். மயில்வாகனம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லும். ஏன்?"

தவராசா நிமிர்ந்தார். சிரித்த முகம் அன்று இல்லை.

"வாற சனம் எல்லாம் என்ன கேக்குது? மயிலர் நிக்கிறாரோ? மயிலர் பாத்ததோ? இந்தக் கடையிலை நானெண்டு ஒருத்தன் நிக்கிறது ஆற்றையேனும் கண்ணிலை பட்டுதோ? ரயிலிலை இடிபட்டுக் கொழும்புக்குப் போறது நான். பயந்து பயந்து புறக்கோட்டைக்குள்ளை திரியிறது நான். கொண்டுவந்து வைச்சால் நீர் ஒருக்காத் தொட்டுப்போட்டு, வேண்டாமெண்டு சொல்லுவீர். அந்தப் பெட்டியைக் குடுத்தவன் திருப்பி எடுக்கமாட்டான். உம்மட்டைச் சொல்ல எனக்கு ரோசமாயிருந்தது. வருத்தம் வருமெண்டு நான் கண்டனானே?"

"வருத்தம் வருமெண்டு தெரியாது. சரி. என்ரை கை செத்துப்போச்செண்டு சொன்னது?"

தவராசா பெட்டியைக் கட்டிய கயிற்றை இறுக்கினார்.

"அண்டைக்குப் புறக்கோட்டையிலை உம்மை விட்டிட்டு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்றார் மயில்வாகனம். "நீர் விட்டிட்டு வரேல்லை எண்டதாலைதான் இவ்வளவு காலமும் உம்மை ஒரு கேள்வி கேட்கேல்லை. கொண்டுவந்த பெட்டி எங்கையிருந்து வந்ததெண்டுகூடக் கேட்கேல்லை."

அதுதான் அவர்கள் கதைத்த கடைசிக் கதை. தவராசா குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய் வேறு கடை போட்டார். நன்றாக நடத்தினார் என்று கேள்வி.

மயில்வாகனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியிலிருந்து பிறஸ் போன ஒவ்வொரு இடத்துக்கும் போனார். கிளிநொச்சிச் சலூன்கள், குளத்துக் கந்தோர், தொழிற்சாலைக் குவாட்டர்ஸ், கடைசியாக ஓமந்தை. ஆசுப்பத்திரியில் சொன்னபடி கையில் துணி சுற்றிக்கொண்டு, பிறஸ்களைத் தகரப் பேணிக்குள் வாங்கிப் போட்டார். சிலர் இரக்கப்பட்டார்கள். சிலர் வாசலோடு நிறுத்தினார்கள். ஓமந்தைச் சலூன்காரர் பேணிக்குள் பிறஸைப் போட்டுவிட்டு, "மயிலர், நான் நூலைத்தானே பாத்தனான். பிறஸைப் பாக்கேல்லை" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். மயில்வாகனம் எல்லாவற்றையும் கொண்டுவந்து பின்வளவில் கிடங்கு வெட்டி எரித்தார். பட்டணத்துச் சாயமும் மயிரும் எரிந்த நாற்றம் வெகு நேரம் போகவில்லை.

கதிர்காமநாதனின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. சிவனேஸ்வரி தான் வேறு மாப்பிள்ளை பார்க்க விடமாட்டேன் என்று தகப்பனிடம் பிடிவாதமாக நின்றாளாம். மணவறையில் மாப்பிள்ளையின் தாடையில் காய்ந்த வடு தெரிந்தது. பிறகு அவர் தாடி வளர்த்துக்கொண்டார், சேவ் எடுப்பதையே விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு மயில்வாகனம் வீட்டுக்கும் சொல்லியிருந்தார்கள். வீரகத்தியே வந்து சொன்னார். ஆனால் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார், உள்ளே வந்து இருக்கவில்லை. மயில்வாகனம் போகவில்லை.

கடை ஒரு வருஷம் இழுபட்டது. சனம் வந்து பிளேட் வாங்கியது, சோப் வாங்கியது. பிறஸ் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அலுமாரியைத் திறக்கவில்லை. பிறகு கடையை வேறொருவருக்கு விட்டுவிட்டு, இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் கொஞ்ச வயலைச் செய்தார். நெல் அவருக்குப் புதிது. முதல் போகம் சரிவரவில்லை, அடுத்தது பரவாயில்லை.

விமலேஸ்வரியை அவர் ஒரு நாளும் ஏசவில்லை. கை நீட்டவுமில்லை. அவள் உருத்திரபுரத்துக்கு நடந்து போனதை அவர் அறிவார், அதற்காக அவளை மதித்தார். ஆனால் அவள் அரிசியைக் கொழித்துக் கல் பொறுக்கி வைத்தால், உலைக்குப் போகமுன் அவரும் ஒருமுறை கையை விட்டு அளைந்து பார்ப்பார். அவள் பூட்டிய வாசல் படலையைப் போய் இழுத்துப் பார்ப்பார். வேண்டுமென்று செய்தாரா, தன்னை அறியாமல் செய்தாரா, யாருக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதை எழும்பவேயில்லை.

அறுபத்தெட்டில் வவுனியாவிலிருந்து ஆள் வந்தது. தவராசாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துவிட்டது, தங்கையைக் கேட்கிறார் என்றார்கள்.

"நான் போட்டு வாறன்" என்றாள் விமலேஸ்வரி.

மயில்வாகனம் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். "வாரும்" என்றார். பரந்தனில் பஸ் ஏறினார்கள். கிளிநொச்சி போனது, மாங்குளம் போனது, புளியங்குளம் போனது. அவர் யன்னல் பக்கம் இருந்து காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். வவுனியாவுக்குக் கொஞ்சம் முந்தி, ஓமந்தையில் பஸ் நின்றதும் எழும்பினார்.

"நீர் போம். பின்னேர பஸ்ஸுக்கு நான் இஞ்சை நிப்பன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பஸ் எடுத்துவிட்டது.

அவர் தெருவோரத் தேத்தண்ணிக் கடையில் நீள மர வாங்கில் இருந்தார். கடைக்காரர் இரண்டு முறை தேத்தண்ணி கொடுத்தார். மத்தியானம் சாப்பிடச் சொல்ல, பசிக்கவில்லை என்றார். வெயில் சாய்ந்து மரநிழல் தெருவைத் தாண்டிய நேரத்தில் வவுனியாப் பக்கமிருந்து பஸ் வந்தது. அவர் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் கண் வீங்கியிருந்தது.

கனதூரம் போன பிறகுதான் கேட்டார்.

"எப்பிடி இருக்கிறார்?"

"கதை தெளிவில்லை. ஒரு கை தூக்க ஏலாது. உங்களைக் கேட்டவர்."

"என்ன கேட்டவர்?"

"வந்தவரோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஓமந்தை மட்டும் வந்தவர் எண்டு சொன்னனான்."

மயில்வாகனம் தலையை ஆட்டினார். அவள் சொன்னது உள்ளதுதான். அந்தக் கிழமை முடியமுன் தவராசா போய்விட்டார். செத்த வீட்டுக்கும் விமலேஸ்வரி தனியாகத்தான் போனாள். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, மயில்வாகனம் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.